கோப்பி ஓ நிறத்தில் ஒரு திராவகம்



"வாத்தியாரையா, பையன் ஏதோ திராவகம் வாங்கணும்னு 20 வெள்ளி கேட்கிறான். ரேடியோ தகடு வீட்டிலேயே செய்யப் போறானாம். கொடுக்கலாமா, வேண்டாமா?" என்று ஒரு தகப்பனார் பள்ளிக்கூட வாசலில் என்னைக் கேட்டார். இந்தக் கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இடைநிலைப் பள்ளியில் ஆர்.பி.டி. பாடம் வந்த பிறகு, தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் மின்னணுச் சாமான்களைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஆகவே இந்த முறை நம் பக்கத்தில் இதையே எடுத்துக்கொள்வோம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுக்கலாம். ஆனால் காசை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போய்விடக் கூடாது. ஏன் என்பதைத்தான் கீழே சொல்லப் போகிறேன்.

பழைய ரேடியோவையோ கைப்பேசியையோ திறந்து பார்த்தால் உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு பலகை இருக்கும். அதன்மேல் மெல்லிய கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள் செம்பு. கம்பிகளை வைத்துக் கட்டுவதற்குப் பதிலாக, செம்பையே பலகையில் ஒட்டி மின்சாரம் ஓடும் பாதையாக்கி விடுகிறார்கள். இதற்கு மின்சுற்றுப் பலகை என்று பெயர். ஆஸ்திரியாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்பவர் 1930-களில் லண்டனில் இருந்தபோது இப்படிப்பட்ட பலகையை வைத்து ஒரு ரேடியோ செய்து காட்டினார். இன்று உலகம் முழுவதும் ஓடும் கருவிகள் யாவும் அந்த வழியில் வந்தவையே.

இதைச் செய்யும் முறை நமக்குப் புதிதன்று. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போயிருப்பீர்கள். முன்பு பிட் ஸ்திரீட் என்று சொல்வார்கள். 1801-ஆம் ஆண்டில் காதர் மொகிதீன் அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல் அங்கே நிற்கிறது. அதே சாலையில் சீனர்களின் குவான் இன் கோயில் இருக்கிறது. பக்கத்துக் குவின் ஸ்திரீட்டில் மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. பணம் மாற்றும் கடைகளும் நகைக்கடைகளும் அந்த வட்டாரத்துக்கே பேர் போனவை. பெண்ணுக்குத் தாலிக்கொடி வாங்கவும், பிள்ளைக்குக் காப்பு வாங்கவும் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போன குடும்பங்கள் நம்மில் எத்தனையோ.

பொற்கொல்லர் பழைய நகையைச் சோதிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கறுப்பு உரைகல்லில் நகையை ஒரு கோடு இழுப்பார். அதன்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விடுவார். அது நைட்ரிக் அமிலம். செம்பு அதிகம் கலந்த மட்டமான நகையாக இருந்தால் கோடு கரைந்து மறையும். நல்ல தங்கமாக இருந்தால் கோடு அப்படியே நிற்கும். 916 என்று முத்திரை குத்திய நகையில் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மீதியில் செம்பும் வெள்ளியும் இருக்கும். திராவகம் செம்பைத் தின்னும், தங்கத்தைத் தின்னாது. இவ்வளவுதான் அதில் உள்ள சூட்சுமம்.

மின்சுற்றுப் பலகையிலும் இதே கதைதான். பலகை முழுவதும் ஒரு செம்புத் தோல் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அதன் கனம் 35 மைக்ரான், அதாவது நம் தலைமயிரின் கனத்தில் ஏறக்குறையப் பாதி. எந்த இடத்தில் செம்பு வேண்டுமோ அந்த இடத்தை அழியாத மையால் வரைந்து மூடிவிடுகிறார்கள். பிறகு பலகையைத் திராவகத்தில் போடுகிறார்கள். மை மூடிய செம்பு தப்பிக்கும், மூடாத செம்பு கரைந்து போகும். பிறகு மையைத் துடைத்தால் கோடுகள் மட்டும் பளபளவென்று நிற்கும்.

இந்த வேலை நம் குடும்பங்களுக்குச் சோறும் போட்டிருக்கிறது. 1969-ல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த காலம் அது. அப்போது முதலமைச்சராக இருந்த லிம் சோங் இயூ காலத்தில், 1972-ல், பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. இன்டெல் போன்ற மின்னணு நிறுவனங்கள் வந்தன. எத்தனையோ பெண் பிள்ளைகள் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறி அங்கே வேலைக்குப் போனார்கள். நம் தோட்டத்துப் பெண்களும் அவர்களில் உண்டு. ஆகவே உங்கள் மகனோ மகளோ வீட்டில் ஒரு சிறு பலகை செய்ய ஆசைப்பட்டால் அது வீண் விளையாட்டு அல்ல. அது ஒரு தொழிலின் முதல் எழுத்து. அதை நாம் மிதித்துவிடக் கூடாது.

இனி அந்தத் திராவகத்துக்கு வருவோம்.

வீட்டில் பலகை செய்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது பெரிக் குளோரைடு என்னும் உப்பு. கட்டியாகவோ தூளாகவோ விற்பார்கள். தண்ணீரில் கரைத்து வைத்ததும் கிடைக்கும். நைட்ரிக் அமிலத்தைப் போல இது நச்சுப்புகை கக்குவதில்லை. அதனால்தான் வீட்டு வேலைக்கு இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் இதுவும் புளிப்பு மிகுந்த, அரிக்கும் திராவகமே. கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். வயிற்றுக்குள் போனால் குடலை அரிக்கும். துணியில் பட்டால் துருக்கறையாக நின்றுவிடும். அலுமினியச் சட்டியை ஓட்டையாக்கிவிடும்.

இதில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது வேறொன்று. கரைத்து வைத்த பெரிக் குளோரைடைப் பார்த்தால் அசல் கோப்பி ஓ மாதிரியே இருக்கும். கோலா போத்தலில் ஊற்றி வைத்தால் கோலா என்றே நினைக்கத் தோன்றும்.

நிறம் ஒத்துப் போவதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். தோட்டத்து மக்களாகிய நமக்கு இந்தப் பாடம் முன்பே நடத்தப்பட்டுவிட்டது. களைக்கொல்லி பாராகுவாட்டை நினைத்துப் பாருங்கள். தொடக்க காலத்தில் அது கோப்பி நிறத்தில் இருந்தது. மருந்து அடிப்பவர்கள் மீதியைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு போனார்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் பானம் என்று நினைத்துக் குடித்து, பல நாடுகளில் உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் உற்பத்தியாளர்கள் அதில் நீல நிறமும், நாற்றமும், வாந்தி எடுக்க வைக்கும் மருந்தும் சேர்த்தார்கள். மலேசியாவில் 2002-ல் அதைத் தடை செய்ய முடிவெடுத்து, 2006-ல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தார்கள்.

விஷம் எவ்வளவு கடுமையானது என்பது பாதிக் கதைதான். அது தன் போத்தலை விட்டு வேறு போத்தலுக்கு மாறியதே மீதிக் கதை. பாராகுவாட்டுக்கு நிறம் மாற்ற ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. உங்கள் மகன் கரைத்து வைக்கும் பெரிக் குளோரைடுக்கு நிறம் மாற்ற யாரும் வரமாட்டார்கள். அதற்குக் காவல் நீங்கள் ஒட்டும் ஒரு துண்டுக் காகிதம்தான்.

ஆகவே முதல் விதி இது. திராவகம் எந்தப் போத்தலில் வந்ததோ அந்தப் போத்தலிலேயே இருக்க வேண்டும். கரைத்து வைக்க வேறு போத்தல் தேவைப்பட்டால், தின்பண்டமோ பானமோ வைத்திராத கெட்டிப் பிளாஸ்டிக் போத்தலாக இருக்கட்டும். அழியாத மையால் தமிழிலும் மலாயிலும் "விஷம், குடிக்காதே" என்றும், என்ன பொருள் என்றும், கரைத்த தேதியையும் எழுதுங்கள். எழுத்துத் தெரியாத குழந்தைக்காக ஒரு மண்டையோட்டுப் படம் வரையுங்கள். பிறகு பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். சமையலறையில் கூடாது, குளிர்சாதனப் பெட்டியில் அறவே கூடாது.

இரண்டாவது, கரைக்கும் விதம். ரப்பர் பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டைக் கையாண்ட பெரியவர்கள் இதைப் பிள்ளைகளுக்கு எளிதாகச் சொல்லித் தரலாம். தண்ணீர் முதலில், அதில்தான் ஆசிட். ஆசிட்டின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெரிக் குளோரைடுக்கும் அதே முறைதான். தூளைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். ஈரம் சிறிதும் இல்லாத தூள் கரையும்போது நிறையச் சூடு கிளம்பும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும், தொண்டையை எரிக்கும் ஆவியும் எழும்பும்.

மூன்றாவது, இடமும் உடையும். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், சிறு பிள்ளைகளும் கோழி நாய்களும் வராத நேரத்தில் செய்யட்டும். கண்ணுக்குப் பக்கங்களும் மூடிய கண்ணாடி வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கைக்கு ரப்பர் கையுறை. உலகத்துக்கே கையுறை செய்து அனுப்பும் நாட்டில் நம் பிள்ளை வெறுங்கையோடு திராவகத்தில் கை வைக்கலாமா? பழைய சட்டை, மூடிய செருப்பு. தட்டு பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இடுக்கியும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அந்தத் தட்டு இனி ஒரு நாளும் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

திராவகம் சற்று வெதுவெதுப்பாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அதற்காக அடுப்பில் வைத்துவிடாதீர்கள். பெரிய தட்டில் சுடுதண்ணீர் ஊற்றி, அதற்குள் திராவகத் தட்டை வைத்தால் போதும். மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் அரைமணிக்குள் செம்பு கரைந்துவிடும்.

நான்காவது, கலக்கக் கூடாதவை. செம்பை வேகமாகக் கரைக்கக் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலக்கும் வழி ஒன்றைச் சிலர் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதிலிருந்து மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வரக்கூடும். வீட்டுக்கு அது வேண்டாம். பெராக்சைடு கலந்த எதையும் இறுக்கி மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். துணி வெளுக்கும் குளோரக்ஸ் வகைத் திரவத்தை எந்த ஆசிட்டோடும் சேர்க்காதீர்கள். கறை போகட்டும் என்று திராவகம் சிந்திய இடத்தில் அதை ஊற்றும் பழக்கம் தாய்மார்களிடம் உண்டு. அங்கேயும் கிளம்புவது குளோரின்தான். நைட்ரிக் அமிலத்தை வீட்டுப் பக்கமே விடாதீர்கள். அது செம்பைக் கரைக்கும்போது எழும் பழுப்புப் புகையைச் சுவாசித்தவர் அப்போது ஒன்றும் இல்லை என்று படுத்துக்கொள்வார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பழகிய பொற்கொல்லர்களே அஞ்சிக் கையாள வேண்டிய பொருள் அது.

இப்போது பலரும் மறந்துவிடும் விஷயத்துக்கு வருகிறேன். வேலை முடிந்த பிறகு மீதித் திராவகத்தை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். பழைய திராவகத்தில் இருப்பது கரைந்த செம்பு. சமையல் பாத்திரத்தில் கட்டியாக இருக்கும் செம்பு வேறு, தண்ணீரில் கரைந்த செம்பு வேறு. அது மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொல்லும். லயத்துச் சாக்கடை போய்ச் சேர்வது தோட்டத்து ஓடையில். அந்த ஓடையில்தான் நம் பிள்ளைகள் தூண்டில் போடுகிறார்கள், மாடு தண்ணீர் குடிக்கிறது. திராவகம் போகும் வழியில் இரும்புக் குழாயையும் அரித்துவிடும்.

இரசாயனக் கழிவை ஆற்றில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். அது நம் பலகைத் திராவகம் அன்று, வேறு வகைக் கழிவு. அதன் நச்சுக்காற்று பக்கத்துப் பள்ளிகளுக்குள் புகுந்து மாணவர்களும் ஆசிரியர்களும் மூச்சுத் திணறி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். அவ்வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூட நேர்ந்தது. வீட்டுத் திராவகம் ஒரு போத்தல்தானே என்பீர்கள். அளவு சிறிது என்பது உண்மை. ஆனால் நாலு பேர் பார்க்காத நேரத்தில் ஊற்றிவிடலாம் என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தொழிற்சாலைகளுக்கு 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன் கீழ் 2005-ல் வந்த அட்டவணைக் கழிவு விதிகளும் இருக்கின்றன. செம்பு கலந்த கழிவைப் பெயர் எழுதி, கணக்கு வைத்து, உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். வீட்டில் நாமே அதிகாரி, நாமே காவலர்.

ஆகவே வாங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி கேளுங்கள். "தம்பி, வேலை முடிஞ்சதும் இதை எங்கே கொடுக்கப் போறே?" இடைநிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடமோ, பக்கத்துத் தொழிற்கல்லூரியிலோ முன்கூட்டியே பேசி, எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்ளட்டும். பதில் கிடைக்காவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது. திராவகத்தை ஒரு தடவையோடு வீசவும் வேண்டாம், பல பலகைகளுக்கு அது உழைக்கும். பலகையைக் கழுவும் முதல் தண்ணீரையும் தனி வாளியில் பிடித்து அந்தக் கழிவோடு சேர்க்க வேண்டும். சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டால் திராவகம் நுரைத்துப் புளிப்பு அடங்கும், செம்பு வண்டலாகப் படியும். ஆனால் அந்த வண்டலும் விஷம்தான். சோடா போட்டதும் சாக்கடைக்கு ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கை தவறலாம். அப்போது செய்ய வேண்டியதை வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்.

கண்ணில் தெறித்தால் உடனே குழாய்த் தண்ணீரில் கண்ணைத் திறந்து வைத்து 20 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 2 நிமிடம் கழுவிவிட்டு 20 என்று நினைத்துக்கொள்வோம். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடக் கூடாது.

தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் நிறையக் கழுவுங்கள். மஞ்சள், பற்பசை, எண்ணெய் தடவ வேண்டாம்.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது சுட்ட திராவகம் வரும்போதும் சுடும். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுக்கும் பழைய கைவைத்தியம் இங்கே உதவாது. வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, 999-க்கு அழையுங்கள் அல்லது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். போத்தலில் பெயர் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. எந்த விஷத்துக்கு என்ன சிகிச்சை என்று டாக்டர்கள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் "ஏதோ கறுப்புத் தண்ணி" என்று மட்டும் சொன்னால் எந்த மையத்தால் என்ன சொல்ல முடியும்?

இவ்வளவையும் படித்துவிட்டு, "நமக்கு எதற்கு இந்த வம்பு, வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்" என்று நினைக்கிறீர்களா? பெற்றோர் வேண்டாம் என்று சொன்ன வேலையைப் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் செய்வார்கள். அங்கே காற்றும் இருக்காது, கண்ணாடியும் இருக்காது. பெயர் எழுதினால் பிடிபடுவோம் என்று போத்தலில் பெயரும் எழுதமாட்டார்கள். கண்டிப்பால் வரும் ஆபத்தும் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

சிறு வயதுப் பிள்ளையாக இருந்தால் திராவகமே இல்லாத வழி இருக்கிறது. துளைகள் போட்ட பலகையில் கம்பிகளைச் செருகிச் சுற்று அமைக்கலாம், ஈயப்பற்றுக்கூடத் தேவையில்லை. செம்புப் பட்டைகள் முன்பே போட்ட பலகையும் கடையில் கிடைக்கும். சற்று வளர்ந்தவர்கள் தாங்கள் வரைந்த படத்தைப் பலகை செய்யும் நிறுவனத்துக்கு அனுப்பிச் செய்து வாங்கலாம். இன்று சிறு எண்ணிக்கையிலும் செய்து கொடுக்கிறார்கள். இந்த மூன்றையும் கடந்து வந்த பிறகு, கூட ஒரு பெரியவர் நிற்கத் திராவகத்தைத் தொட்டால் போதும். ஈயப்பற்று வைத்த பிறகும், பலகையில் துளை போட்ட பிறகும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. துளை போடும்போது பறக்கும் தூசு கண்ணாடி இழைத் தூசு, ஆதலால் முகக்கவசம் அவசியம்.

தாய்மார்களே, உங்களுக்கு மின்னணுவியல் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். பிள்ளை பலகையைப் பற்றிச் சொல்லட்டும், நீங்கள் திராவகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஆசிட்டோடும் மருந்துத் தகரத்தோடும் நம் குடும்பங்கள் பழகிய பழக்கம் பட்டணத்துப் படிப்பாளிகளுக்குக்கூட இருக்காது. அந்த அனுபவத்துக்கு நம் முன்னோர் கொடுத்த விலை அதிகம். அது பிள்ளைகளுக்குப் போய்ச் சேராமல் வீணாகக் கூடாது.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுக்குள் மின்னணுப் பிரியர் யாரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கழுவும் தொட்டிக்கு அடியிலும், குளியலறை மூலையிலும், சைக்கிள் நிறுத்தும் இடத்திலும் பாருங்கள். மண்ணெண்ணெய், ஆசிட், களைமருந்து, தின்னர் என்று ஏதாவது ஒன்று பழைய குளிர்பானப் போத்தலில் நிச்சயம் இருக்கும். பேனாவை எடுத்துப் பெயர் எழுதுங்கள். என்னவென்று உங்களுக்கே தெரியவில்லையென்றால் முகர்ந்து பார்க்காதீர்கள். "தெரியாத பொருள், விஷம்" என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். ஐந்து நிமிட வேலை. இன்று இரவு சாப்பிடுவதற்கு முன்பே முடித்துவிடலாம்.